மேனேஜரின் தொட்டில்

மேனேஜர் ஒரு நாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் யாரோ பெரிய அதிகாரியைத் தொட்டிலில் போட்ட கதை என்று நினைத்துக்கொள்வீர்கள். பகல் முழுக்கத் தூங்கும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக எழுந்து வரும். மற்றவர்கள் வேலை செய்தால் முறைத்துப் பார்க்கும். அதனால் அண்ணி அந்தப் பெயரை வைத்தாள்.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. என் தொழில் சாவி போடுவது. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கடை. கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்துக் கடை அண்ணன். வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பார். நான் இந்தப் பக்கம் தும்மினால் அவர் அந்தப் பக்கமிருந்து "சளி பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்பார். அவ்வளவு மெல்லிய தடுப்பு. ஆகவே இங்கே நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, விழுந்தது.

அண்ணி இருந்தவரை மதியம் சாப்பாட்டுப் பையோடு வருவாள், பின்னாலேயே மேனேஜரும் வரும். அண்ணனை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. அண்ணி உட்கார்ந்தால் அவள் காலடியில் படுக்கும், எழுந்தால் எழும். அண்ணன் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். "அது அவ நாய்மா. அந்த வீட்டுல அவங்க ரெண்டு பேரும் குடியிருக்காங்க, நான் வாடகைக்கு இருக்கேன்" என்பார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அண்ணி திடீரென்று போய்விட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையில் துணி காயப்போட்டவள், அந்தத் துணி காய்வதற்குள் இல்லை. எங்கோ தூரத்தில் வேலையில் இருந்த மகள் வந்தாள், சில வாரங்கள் இருந்தாள், அம்மாவின் துணிமணிகளை எடுத்துப் பிரித்தாள். நல்லதையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாள். வீட்டில் போட்டுப் போட்டு நைந்துபோன நைட்டிகளைத் தூக்கிப் போடப் போனபோது அண்ணன் தடுத்துவிட்டார். "கடைக்குப் பழைய துணி வேணும், நான் எடுத்துக்கறேன்" என்றார். அவர் தொழிலில் அது உண்மைதான். மாதிரிக்குத் தைக்கும் கவருக்கு உள்பக்கம் புதுத் துணி வைத்தால் இழுக்கும், சுருங்கும். துவைத்துத் துவைத்துப் பழசானதுதான் சொன்ன இடத்தில் படிந்து கிடக்கும். எந்த மாதிரியைத் தைத்துப் பார்த்தாலும் உள்ளுக்குப் பழைய துணியைத்தான் கொடுப்பார். அந்த நைட்டி மூட்டை கடையின் மேல் தட்டில் ஏறிக்கொண்டது.

மகள் போனாள். போகும்போது நாயை யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாள். அண்ணன் பார்க்கலாம் என்றார். பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கடை எனக்கு முன்னால் திறந்து எனக்குப் பின்னால் மூட ஆரம்பித்தது. வேலை அதிகமில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பதுதான் காரணம். மேனேஜரை வீட்டில் தனியாக விட்டால் கதவைப் பிராண்டியது, அதனால் அதையும் கூடவே கூட்டிவந்தார். இரண்டு பேரும் ஒரே கடையில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். ஒன்று தைத்துக்கொண்டிருக்கும், ஒன்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேன்." "மேனேஜர்?" "இருக்கான்." அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. போனை வைத்தபிறகு தையல் மிஷின் கொஞ்ச நேரம் ஓடாது. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நானும் இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பேன். போய் ஏதாவது பேசலாம்தான். என்ன பேசுவது? "அண்ணே, டீ சொல்லட்டுமா" என்பேன். அவர் "சொல்லும்மா" என்பார்.

நகப் பிரச்சினை அப்போதுதான் வந்தது. மேனேஜர் நொண்ட ஆரம்பித்தது. பார்த்தால் நகங்கள் கொக்கி மாதிரி வளைந்து, ஒன்று உள்ளங்காலிலேயே குத்திக்கொண்டிருந்தது. அண்ணி இருந்தபோது அவள்தான் வெட்டிவிடுவாள் என்பதே அண்ணனுக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நகவெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். உறுமல் எனக்குத் தடுப்பைத் தாண்டிக் கேட்டது.

கால்நடை மருத்துவமனைக்கு அவரோடு நானும் போனேன், வண்டியில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. நாய் ஆகாதவள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன், என் நேரம். அங்கே இரண்டு பேர் சேர்ந்து அமுக்கியும் முடியவில்லை. வாயில் நுரை தள்ளி, நாக்கு நீலம் பாய்ந்துவிட்டது. கடைசியில் மயக்க ஊசி போட்டு வெட்டினார்கள். வெட்டி முடித்து வெகுநேரம் ஆகியும் எழவில்லை. டாக்டரம்மா அதன் நெஞ்சில் குழாயை வைத்து வைத்துப் பார்த்தார். அது எழுந்த பிறகுதான் அவருக்கே மூச்சு வந்தது.

"இன்னொரு தடவை ஊசி போட்டா எழுந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது. இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. நகத்தை வளரவிட்டா கால் போயிடும். வீட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா வெட்டிப் பழக்குங்க" என்றார். வீட்டம்மா எப்படி வெட்டுவார் என்று கேட்டார். "மடியில போட்டுக்கிட்டு, பேசிக்கிட்டே வெட்டுவா" என்றார் அண்ணன். அப்படியே நீங்களும் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொல்வதற்கென்ன.

மடியில் போட ஒரே ஒரு முறை முயன்றார். அது அவர் மடியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நம் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிற தெரியாத ஆளைப் பார்க்கும் பார்வை. அதோடு விட்டுவிட்டார்.

மனுஷன் பிடிக்க வேண்டாம், துணி பிடிக்கட்டும் என்று அவருக்கு அப்போது தோன்றியது. கடையில் சீட்டைத் தூக்கிக் கட்ட ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. அதில் தொட்டில் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டு, நான்கு கால்களுக்கும் நான்கு ஓட்டை போட்டால், நாய் வயிறு அழுந்த அதில் படுத்துக்கொள்ளும், கால்கள் கீழே தொங்கும். தரை தட்டாத கால் ஓடாது. நாம் உட்கார்ந்து சாவகாசமாக வெட்டலாம். தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். அண்ணி போன பிறகு அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அதனாலேயே, நல்லாயிருக்கு என்றேன். உண்மையில் அந்தப் படம் கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி இருந்தது.

முதலில் தார்ப்பாயில் தைத்தார். மேனேஜர் அதிலேயே மூத்திரம் போய்விட்டது. அடுத்து ரெக்சினில் தைத்தார். வழுக்கிக்கொண்டு பின்பக்கமாக இறங்கி, ஒரு காலோடு சட்டத்தையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டது. அன்றைக்குத் தெருவே சிரித்தது. ஓட்டையைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், சீட் பெல்ட் பட்டையை வைத்து ஓரம் கட்டினார், ஓரத்துக்குப் பஞ்சு வைத்தார். முன்கால் ஓட்டையை நேராக வெட்டாமல் தோள் பக்கம் சாய்வாக வெட்டினார். அந்தத் தடவைதான் மேல் தட்டிலிருந்து மூட்டையை இறக்கி, உள்ளுக்கு மெத்தென்று பழைய துணியும் கொடுத்தார். பழக்கதோஷம், அவ்வளவுதான்.

மேனேஜரைத் தூக்கி உள்ளே விட்டார். அது இரண்டு தடவை மூச்சை இழுத்தது. பிறகு தலையைத் தொங்கப்போட்டு, சிவனே என்று கண்ணை மூடிக்கொண்டது. நகம் நறுக் நறுக்கென்று விழுந்தது. கடைசிக் கால் முடியும்போது குறட்டையே விட்டது.

"பார்த்தியாம்மா, அந்த சாய்வு ஓட்டைதான் ரகசியம். தோள் எலும்பு அழுந்தாம இருக்கு பாரு" என்றார் அண்ணன். எனக்கு எலும்பும் தெரியாது ஓட்டையும் தெரியாது, தலையாட்டினேன்.

அன்று முதல் சாய்வு ஓட்டைப் புராணம்தான். சீட் கவர் மாற்ற வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னார். கேட்டவர்களில் ஒருவர் இரண்டு தெரு தள்ளி வளர்ப்புப் பிராணிகள் கடை வைத்திருக்கிற மீன்தொட்டிக்காரர். அவர் வந்து மேனேஜர் குறட்டை விடுவதை நேரில் பார்த்தார். இதைத் தைத்துக் கொடுத்தால் கடையில் வைத்து விற்கிறேன், நகம் வெட்ட முடியாமல் அழுகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள் என்றார். அண்ணன் பெரிய நாய், சின்ன நாய், பூனை என்று அளவுக்கொன்றாக மாதிரி தைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் முதலில் மேனேஜரின் முகத்தருகே நீட்டி, ஒரு காலையாவது அதில் விட்டுப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் அது சம்மதித்தது. மாதிரிகளுக்கு உள்துணியாக நைட்டிகள் ஒவ்வொன்றாகப் போய், மேல் தட்டு காலியானது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மனிதர் சந்தோஷமாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சாய்வு ஓட்டையைப் பற்றி வெகுநேரம் பேசினார். நான்தான் காதைத் தீட்டி... சரி, காதில் விழுந்தது.

விற்கிற சரக்கில் பழைய துணி வைக்க முடியுமா? நாணயமான மனிதர். புதுத் துணி, நல்ல கெட்டியான பருத்தி வாங்கி, அதே அளவில், அதே சாய்வில் அச்சு அசலாகத் தைத்தார். மீன்தொட்டிக்காரர் தன் கடையில் ஒரு நாள் குறித்து, நாய் வளர்ப்பவர்களை வரச் சொன்னார்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. முதலில் வந்த நாய் உதறியது. அடுத்தது ஓலமிட்டது. ஒரு குட்டியூண்டு நாய், கைக்குட்டை அளவுதான் இருக்கும், பட்டையைக் கடித்தே அறுத்துவிட்டது. அண்ணன் அசரவில்லை. வளர்ப்பு சரியில்லை, என் நாயைப் பாருங்கள் என்று மேனேஜரைத் தூக்கிப் புதுத் தொட்டிலில் விட்டார். அது விறைத்தது. பிறகு கடை அதிர ஒரு கத்தல், அண்ணன் கையில் ஒரு கடி. அத்தனை வருஷத்தில் அது அவரைக் கடித்ததே இல்லை, மதிக்கவில்லையே தவிர.

"உங்க நாய்க்கே பிடிக்கலையே" என்றார் மீன்தொட்டிக்காரர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பி வந்ததும் அண்ணன் மிஷின் பக்கமே போகவில்லை. கையில் கட்டோடு கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, பழைய தொட்டிலையும் புதுத் தொட்டிலையும் மடியில் போட்டு டேப் வைத்து அளந்தார். இம்மி பிசகவில்லை. அளந்து முடித்துப் பழையதைக் கீழே போட்டார். மூலையில் படுத்திருந்த மேனேஜர் எழுந்து வந்தது. அதைக் கவ்வி மூலைக்கு இழுத்துக்கொண்டு போனது. மூக்காலேயே தள்ளித் தள்ளி உள்பக்கத்தை வெளியே திருப்பியது. உள்ளே சாயம் போன சின்னச் சின்னப் பூக்கள். அதில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் தட்டை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாத்தையும் வெட்டிட்டேன்மா" என்றார்.

மாதிரிகளைத் தேடினோம். பூனை மாதிரி, பெரிய நாய் மாதிரி எல்லாம் கை மாறி, தண்ணீரில் அலசி, மீன்தொட்டிக்காரர் கடையில் தீவன வாசனை ஏறிக் கிடந்தன. மேனேஜர் அவற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. மிஞ்சியது மேனேஜர் முதலில் தூங்கிய அந்தத் தொட்டில் ஒன்றுதான். அதுவும் மூத்திரத்துக்கும் அழுக்குக்கும் எத்தனையோ முறை துவைத்தது. அடுத்த தடவை நகம் வெட்டப் போனபோது மேனேஜர் அதில் நெளிந்தது. அதற்கடுத்த தடவை உறுமியது. அண்ணியின் வாசனை அதிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. நகம் என்னவோ அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு காகிதப் பையோடு வந்தார். உள்ளே ஒரு நைட்டி. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில், அண்ணி இறந்த அன்றைக்குக் காலையில் குளிக்கப் போகும்முன் அவள் மாட்டிவிட்டுப் போனது. மகள் துணி பிரித்தபோது கதவு திறந்தே இருந்ததால் அவள் கண்ணில் படவில்லை. இவரும் எடுக்கவில்லை. இவ்வளவு நாளும் கதவைச் சாத்தும்போதெல்லாம் அது லேசாக ஆடும், பார்த்துக்கொண்டு படுப்பேன் என்றார். அதை மேஜையில் விரித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாய்க்காக இந்த மனிதர் மிஞ்சிய கடைசி நைட்டியையும் வெட்டப் போகிறார். அதுவும் எத்தனை நாள் தாங்கும்? அதையும்தானே துவைக்க வேண்டும்? கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"உங்க சட்டையில தைச்சுப் பாருங்கண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். கேட்கவே நன்றாக இல்லாத சிரிப்பு. "என் சட்டைக்கு அவன் ஏம்மா அடங்கப் போறான்? அவன் அவ நாய்."

"கெட்டா போச்சு, செஞ்சுதான் பாருங்களேன். கழட்டுங்க."

கோந்தும் வியர்வையும் ஊறிய அந்தச் சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்றார். நானே அதை நீளவாக்கில் வெட்டிக் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகப் பழைய தொட்டிலின் உள்துணியைப் பிரித்தெடுத்துவிட்டு, சட்டைத் துணியை வைத்து மிஷினில் ஓட்டினார். மேனேஜரைத் தூக்கி விட்டபோது, கடி வாங்கிய கையை முன்ஜாக்கிரதையாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அது இரண்டு தடவை மூச்சை இழுத்தது. தலையைத் தொங்கப்போட்டது. கண்ணை மூடிக்கொண்டது.

நகம் முழுவதையும் வெட்டி முடித்தார். முடித்துவிட்டு நகவெட்டியைக் கீழே வைத்தபோதுதான் தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து, "பார்த்தீங்களா, அது உங்க நாயும்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அப்ப அவள மறந்துட்டானாம்மா?" என்றார். "நாங்க ரெண்டு பேர் அவள நினைச்சுக்கிட்டிருக்கோம்னு இருந்தேன். இனிமே நான் ஒருத்தன்தானா?"

மேஜையில் நைட்டி விரித்தபடியே கிடந்தது. அதைக் காட்டி, முகரவைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும் என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். அவர் அவசரமாக அதைச் சுருட்டிக் காகிதப் பையில் திணித்து, தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார்.

தொட்டில் இப்போது விற்கிறது. பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன், ஏதோ விற்கிறது. உள்ளே உறை மாதிரி ஒரு பை மட்டும் தைத்துவிட்டார், வாங்குகிறவர்கள் தாங்கள் போட்டுக் கழற்றிய சட்டையை அதில் விரித்துக்கொள்ள வேண்டும். துவைத்த சட்டை வேண்டாம் என்று மீன்தொட்டிக்காரர் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறார். கைக்குட்டை நாய்கூட அடங்கிவிட்டதாம். அண்ணன் இன்னமும் வருகிறவர்களிடம் சாய்வு ஓட்டையின் மகிமையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். போகட்டும், உழைத்த மனிதர். மேனேஜர் இப்போது அவர் மிஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறது. வாசலைப் பார்ப்பதில்லை.

போன வாரம் அவர் வீட்டுப் படுக்கையறைப் பூட்டு மாட்டிக்கொண்டது என்று போயிருந்தேன். ஒருவர் புழங்குகிற வீடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், நாய்க்கு ஒரு கிண்ணம். பூட்டைக் கழற்றக் கதவைச் சாத்தியபோது பின்னால் அந்த நைட்டி தொங்கியது. கதவில் கீழே ஒரு பழைய ஆணி ஓட்டை இருந்தது. ஆணியைப் பிடுங்கி, கைக்கு எட்டுகிற மட்டும் உயரத்தில், நாயின் மூக்கு எந்தக் காலத்திலும் எட்டாத இடத்தில் புதிதாக அடித்திருந்தார்.

பூட்டைச் சரிசெய்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.